ஆடி கழிந்து வந்த கார்

எங்கள் நாட்டுக் கார் கம்பெனி ஒன்று தன் முதல் மின்சாரக் காரை விடப்போகிறது என்ற செய்தியை, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் தினமும் தேநீர் குடிக்கும் கடையின் டிவியில்தான் அப்பா பார்த்தார். பார்த்த கையோடு எனக்குப் போன் அடித்தார். நான் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வேலை நேரத்தில் கூப்பிடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவருக்கு உறைக்காது.

"பாப்பா, கரண்டு காரு வருதாம். பெட்ரோலே வேணாமாம். வாடையே இருக்காதாம் லா."

வாடை என்று அவர் சொன்னதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அப்பா டாக்சி ஓட்டியவர். அம்மாவுக்கோ காரில் ஏறினால் ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் வாடையா, எஞ்சின் குலுக்கலா, எது காரணம் என்று யாருக்கும் தெரியாது. கொஞ்ச தூரம் போவதற்குள் முகம் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் பையைக் கையில் எடுத்துக்கொள்வார். கோலாலம்பூரில் பாதிப் பேரை ஏற்றி இறக்கிய மனிதர், கட்டிய மனைவியை மட்டும் எங்கும் கூட்டிப் போனதில்லை. மஸ்ஜித் இந்தியாவுக்குச் சேலை எடுக்கப் போனாலும் சரி, கிள்ளானில் என் வீட்டுக்கு வந்தாலும் சரி, அம்மாவுக்கு ரயில்தான். அம்மா ரயிலில் வர, அப்பா காலி டாக்சியில் வந்து ஸ்டேஷன் வாசலில் காத்திருந்த நாட்களும் உண்டு. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார், ஆனால் முதலில் பேச்சை மாற்றுவதும் அவர்தான்.

இப்போது அவருக்கு ஓர் அவசரம் இருந்தது. இனிப்பு நீர் என்று நாங்கள் சொல்லும் சர்க்கரை வியாதி அவருடைய இடது கண்ணை ஏற்கெனவே வாங்கிவிட்டது. வலது கண்ணைச் சோதித்த டாக்டர், பகலில் கிட்டத்தில் ஓட்டலாம், ஆனால் உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் பலவீனமாக இருக்கின்றன, எப்போது கசியும் என்று என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். டாக்டர் பேசும்போது அப்பா நல்ல பிள்ளையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். வெளியே வந்து லிப்டுக்கு நிற்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"கண்ணு போறதுக்குள்ள உங்கம்மாவ பக்கத்துல உக்கார வச்சி ஒரே ஒரு தடவ நான் ஓட்டணும். மோரிப் வரைக்கும் போயி கடல பாத்துட்டு வரணும். அப்புறம் லைசன்ச கிழிச்சி போட்டுடுறேன்."

மோரிப் ஒன்றும் பெரிய தூரமில்லை. பந்திங் தாண்டிப் போனால் கடல் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஊர் உலகமே குடும்பத்தோடு போய் வரும் இடம். அப்பாவுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிள்ளானில் ஒரு தரை வீடு, ஒரு பழைய கார், வேறு செலவு கிடையாது. அந்த மின்சாரக் காரை என் பெயரில் எடுத்து, அப்பா கையில் கொடுப்பது என்று அந்த லிப்டிலேயே முடிவு செய்தேன்.

முடிவு செய்துவிட்டால் போதுமா? கம்பெனி நிதானமாக இறங்கியது. நிதானம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், உண்மையில் அது பயம். பெட்ரோல் கார்களை நாடு முழுக்க விற்றுத் தள்ளியவர்கள், இந்தக் காரைச் சில ஷோரூம்களில் மட்டும்தான் வைத்தார்கள். முதல் கட்டத்தில் தலைநகரிலும் கிள்ளான் பக்கத்திலும் இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதையும் மொத்தமாக விடவில்லை. கொஞ்சம் கொடுப்பார்கள், அவை எப்படி ஓடுகின்றன என்று பார்ப்பார்கள், பிறகுதான் அடுத்த கொஞ்சம். வாங்குகிறவர் வீட்டில் சார்ஜர் வைக்க இடம் இருக்கிறதா, வீட்டு ஒயரிங் தாங்குமா என்று ஆள் அனுப்பிச் சோதித்தார்கள். பிரிக்பீல்ட்ஸில் அப்பாவும் அம்மாவும் இருக்கும் அடுக்குமாடியில் இதெல்லாம் நடக்காத காரியம் என்பதால் கார் என் வீட்டில்தான் நிற்க வேண்டும்.

ஒயரிங் பார்க்க ஆள் வந்த அன்று அப்பாவும் வந்திருந்தார். வந்தவர் மெயின் சுவிட்சைத் திறந்து பார்த்தார், கார் நிற்கும் இடத்தை அளந்தார், தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவேன், வீட்டில் எத்தனை ஏர்கண்டிஷனர் என்றெல்லாம் என்னைக் குடைந்துவிட்டுப் போனார்.

"உன்ன பொண்ணு பாக்க வந்தவங்க கூட இவ்வளோ விசாரிக்கல லா," என்றார் அப்பா.

அவர் கேலியில் எப்போதும் எனக்கு ஒரு குத்து இருக்கும். நானும் விடவில்லை. "அவங்க விசாரிச்சாங்கப்பா. நீங்க பேசுன பேச்சுலதான் ஓடிட்டாங்க," என்றேன். அன்று அவர் சந்தோஷமாக இருந்தார், அதனால் கோபப்படவில்லை.

பிறகு கிள்ளான் ஷோரூமில் காரை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார்கள். அங்கேயும் ஒரு கட்டுப்பாடு. பதிவு செய்தவர் மட்டும்தான் ஓட்டலாமாம், அப்பா ஓட்டக் கூடாதாம். விற்பனையில் இருந்த மலாய்க்காரப் பெண்மணி, நான் கக், அதாவது அக்கா, என்று கூப்பிடுவேன், என்னைவிட மூத்தவர், நல்ல மாதிரி. அவரே சங்கடப்பட்டுக்கொண்டுதான் அதைச் சொன்னார். நான் ஓட்டினேன். அம்மாவை முன்னால் உட்கார வைத்து, அப்பாவும் கக்கும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். அம்மா பிளாஸ்டிக் பையைத் தயாராக மடியில் வைத்திருந்தார். பாலம் தாண்டினோம், கிள்ளான் நெரிசலுக்குள் புகுந்து நின்று நின்று போனோம். அப்பா பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தார்.

"தல சுத்துதா?"

"இல்லையே."

"வாய்ல தண்ணி ஊறுதா?"

"சும்மா இருங்களேன். நல்லாதான் இருக்கேன்."

ஷோரூம் வாசலுக்குத் திரும்பி வந்ததும் அம்மா இறங்கவில்லை. "இன்னொரு ரவுண்டு போலாமான்னு அவங்கள கேளேன்," என்று என் காதில் சொன்னார். கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது. சத்தமே இல்லாத காரில் அவ்வளவு பெரிய சிரிப்போடு ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அன்று மாலை முழுக்க அவர் பேசியதெல்லாம் அந்தச் சத்தமின்மையைப் பற்றித்தான். இதுவல்லவா வண்டி, எஞ்சின் இரைச்சலிலேயே என் காதெல்லாம் தேய்ந்துபோனதே என்று டீக்கடை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

கார் வந்துவிட்டது, இந்த வாரத்துக்குள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கக் போன் செய்தபோது ஆடி பிறந்துவிட்டிருந்தது.

எனக்கு அது நினைவிலேயே இல்லை. வேலை முடிந்து நேராகப் பிரிக்பீல்ட்ஸ் போய், இனிப்புப் பெட்டியைக் கொடுத்துச் செய்தியைச் சொன்னேன். அம்மா பெட்டியைத் திறக்காமலேயே மேசைமேல் வைத்தார்.

"ஆடியில புது வண்டி வேணாம்."

"அம்மா, கம்பெனிக்காரனுக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது."

"நமக்கு தெரியும்ல?"

அம்மா ஒன்றும் எல்லாவற்றுக்கும் நாள் நட்சத்திரம் பார்க்கிறவர் அல்ல. இந்த ஆடிக்கு மட்டும் ஒரு காரணம் இருந்தது. அப்பா முதல் டாக்சியை எடுத்தது ஓர் ஆடி மாதத்தில். அந்த வருடமே ஃபெடரல் ஹைவேயில் பின்னால் வந்த லோரி இடித்து, இடுப்பெலும்பு முறிந்து, நான் கைக்குழந்தையாக இருந்த வீட்டில் அவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். லோரிக்காரன் தூங்கிவிட்டான் என்று போலீஸே சொன்னது. அம்மா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. அவருக்குக் குற்றவாளி ஆடிதான்.

நான் கத்தினேன். பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடும் அளவுக்குக் கத்தினேன். டாக்டர் சொன்னதை மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன். அம்மா அழுதாரே தவிர இறங்கி வரவில்லை. கடைசியில் அப்பாதான் கையை உயர்த்தினார்.

"விடு பாப்பா. பக்கத்துல உக்காரப்போறது அவ. வழி பூரா சாமிய கும்பிட்டுகிட்டு, எப்ப லோரி வந்து இடிக்கும்னு பயந்துகிட்டு உக்காந்தா எனக்கு என்னா சந்தோஷம்? ஒரு மாசம்தானே. ஆவணியில எடுத்துக்கலாம்."

கார் என் பெயரில்தான் இருந்தது, போய் எடுத்து வந்திருக்கலாம்தான். அம்மா ஏறாத காரை எடுத்து வந்து என்ன செய்வது? மறுநாள் கக்கிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சீன வாடிக்கையாளர்களும் பேய் மாதம் என்று தங்கள் ஏழாம் மாதத்தில் வண்டி எடுக்க மாட்டார்கள், எனக்குப் புரியும் என்றார். ஆனால் இந்தக் கார் எண்ணிக் கொடுக்கிற கார். எடுக்காவிட்டால் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும், நீங்கள் அடுத்த தொகுதிக்குத் தள்ளப்படுவீர்கள் என்றார். அடுத்த தொகுதி எப்போது என்று கேட்டேன். மேலிடம் அதைச் சொல்லவில்லை என்றார்.

ஆவணி வந்தது. அடுத்த தொகுதி வரவில்லை. ஏற்கெனவே கொடுத்த கார்களை இன்னும் கொஞ்ச காலம் கவனித்துப் பார்க்க வேண்டுமாம். ஒரு மின்சாரக் காரை விடுவதற்கு இத்தனை யோசனை தேவையா என்று கக்கிடம் எரிந்து விழுந்தேன். அவர் பாவம், அவர் என்ன செய்வார்? யோசித்தது கம்பெனி மட்டுமா, நாங்களும்தானே என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. அதை அடக்கிவிட்டு இன்னும் கொஞ்சம் அவரைத் திட்டினேன்.

புரட்டாசியில் ஒரு காலையில், டீக்கடையில் உட்கார்ந்திருந்த அப்பா, கண்ணாடி டம்ளரில் கறுப்பு நூல் விழுந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். வேறு டம்ளர் கொடுத்தார்களாம். அதிலும் நூல். பிறகு கடைக்காரர் முகத்திலும் நூல். அதற்குப் பிறகு சண்டை போடாமல், சுவரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்து வந்து, அம்மாவிடம் என்னைக் கூப்பிடச் சொன்னார். ஊசி போட்டார்கள், லேசர் செய்தார்கள், அறுவைச் சிகிச்சையும் செய்தார்கள். மிஞ்சியது வெளிச்சமும் நிழலும். எதிரே ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது.

அம்மா அதன்பின் காரைப் பற்றிப் பேசவே இல்லை. ஒரே ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, எங்கள் பக்கம் திரும்பாமல், "நான் ஒருத்தி குறுக்க நிக்காம இருந்திருந்தா ஓட்டியிருப்பாரு," என்றார். எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. அதனால் நான் சமாதானம் சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார்.

"அவ்வளோ பெரிய கம்பெனி, அவனே பயந்து பயந்து விடுறான். நீ பயப்படக் கூடாதா?"

தண்ணீர்க் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

பிரிக்பீல்ட்ஸில் பார்வையற்றவர்கள் அதிகம். வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். அப்பாவின் டாக்சியில் வழக்கமாக ஏறியவர்கள் சிலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்தான் அப்பாவுக்குக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். முதலில் அப்பா வெட்கப்பட்டார். பிறகு பார்வையற்றவர்களுக்காக நடைபாதையில் பதித்த மேடிட்ட மஞ்சள் கற்களைக் காலால் தேடிக்கொண்டு டீக்கடை வரை தனியாகப் போகப் பழகிவிட்டார். நின்றிருக்கும் வண்டியின் எஞ்சின் உறுமலை வைத்துத்தான் வீதியைக் கடக்க வேண்டும் என்று அந்த நண்பர் கற்றுக்கொடுத்தாராம்.

தைப்பூசமும் போன பிறகு கக் கூப்பிட்டார். கார் வந்திருக்கிறது. வேண்டாம், ரத்து செய்யுங்கள் என்று சொல்லும் எண்ணத்தில்தான் இருந்தேன். அப்பா விடவில்லை. "நான் ஓட்டலன்னா என்னா, உங்கம்மா கடல பாக்க வேணாமா?" என்றார். கிள்ளானில் ஒரு கோயிலில் பூசை போட்டோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, மெதுவாக எடுங்கள் என்றார் ஐயர். அப்பா கோலை ஊன்றிக்கொண்டு ஓரமாக நின்றார். பழங்கள் நசுங்கிய சத்தம் கேட்ட பிறகுதான் கையைத் தூக்கிக் கும்பிட்டார்.

மோரிப் போவதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்களை அழைத்து வரப் பிரிக்பீல்ட்ஸ் போனேன். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, தலை படிய வாரி, அடுக்குமாடியின் வாசலில் தனியாக நின்றிருந்தார். அம்மா இன்னும் இறங்கவில்லை. அவருக்கு மிக அருகில், பக்கவாட்டில் காரை நிறுத்தினேன். மெதுவாகப் போகும்போது இந்தக் காரில் ஒரு சின்ன முனகல் கேட்கும். நின்றுவிட்டால் அதுவும் கிடையாது. மேலே ரயில் போய்க்கொண்டிருந்தது. அப்பா தலையைச் சாய்த்து, வீதி வளைவைப் பார்த்தபடி, என் கார் வரும் சத்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஒரு மோட்டார்சைக்கிள் போனது, அதன் பின்னால் தலையைத் திருப்பினார். ஒரு லோரி போனது, அதன் பின்னாலும் திருப்பினார். கைக்கெட்டும் தூரத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடியை மெதுவாக இறக்கினேன்.

"அப்பா," என்றேன் கடைசியில்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோல் கீழே விழுந்தது. "வந்துட்டியா? எப்ப வந்த?"

"இப்பதான்பா."

"சத்தமே கேக்கலியே பாப்பா." குனிந்து கோலைத் தேடினார். எந்தச் சத்தமின்மையை ஊரெல்லாம் புகழ்ந்து திரிந்தாரோ, அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லி நான் கேட்கவில்லை.

அம்மா என் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்தார், அப்பா பின்னால். அம்மாவுக்கு ஒன்றும் செய்யவில்லை. தெலுக் பங்லிமா காராங் தாண்டினோம், பந்திங் தாண்டினோம், எண்ணெய் எடுக்கும் செம்பனை மரத் தோட்டங்கள் வந்தன. மோரிப்பில் கடல் வற்றிப் போயிருந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு, அதற்கப்பால் தண்ணீர் என்று நம்ப வேண்டிய ஒரு கோடு. மரத்தடியில் காரை நிறுத்தி அணைத்தேன்.

"கொஞ்ச நேரம் நான் முன்னால உக்காரட்டுமா?" என்றார் அப்பா.

இறங்கி அவரைப் பிடித்து வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்தேன். நான் பின்னால் போய் அமர்ந்தேன். அவர் கை தானாகப் போய் இருக்கை வாரை இழுத்து மாட்டியது. பிறகு மேலே போய்ப் பின்கண்ணாடியைத் தன் உயரத்துக்குச் சரிசெய்தது. அதைப் பார்த்ததும் நான் வாயைப் பொத்திக்கொண்டேன். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, ஏதோ ஒன்று வந்து சேரட்டும் என்பது மாதிரி அசையாமல் இருந்தார். எந்த வண்டியாக இருந்தாலும் அந்த இடத்தில் எஞ்சினின் நடுக்கம் கையில் ஏறும். இந்தக் காரில் கையில் ஏற எதுவுமே இல்லை.

"வண்டி போகுதா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

இல்லை அப்பா, அணைத்துவிட்டேன் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டார்.

"போகுதுங்க."

"வெளிய என்னா தெரியுது?"

அம்மா எதிரே இருந்த சேற்றைப் பார்த்தார். "செம்பனை. ரெண்டு பக்கமும் செம்பனையா இருக்கு."

வாழ்நாளெல்லாம் வண்டி ஓட்டியவருக்கு, வண்டி நிற்கிறது என்பது தெரியாமலா இருக்கும்? தெரியும். தெரிந்துதான் ஸ்டியரிங்கை ஒரு விரற்கடை இடப்பக்கம் திருப்பினார், மறுபடி நேராக்கினார். வழியில் ஒரு வளைவு இருந்தது போல.

"வேகமா போறேன்னா சொல்லு."

"இல்ல," என்றார் அம்மா. அவர் கன்னமெல்லாம் நனைந்திருந்தது, குரலில் மட்டும் அது தெரியவில்லை. "மெதுவாதான் போறீங்க."